ஆடாத ஆட்டத்தின் கணக்கு
(சித்தேரியில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விரும்பிய பொருளில் பேசலாம் என்று விழாக் குழுவினர் எனக்கு உரிமை தந்தார்கள். அந்த உரிமையைச் சற்று மிகுதியாகவே பயன்படுத்திக்கொண்டு, இன்று ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் நம்மில் யாரும் ஆடியறியாத பேஸ்பால் விளையாட்டு. அதிலும் மைதானத்தில் ஆடும் பேஸ்பால் அன்று. மேசையின்மேல் அட்டைகளைப் பரப்பி, பகடை உருட்டி, மறைந்துபோன ஆட்டக்காரர்களை வைத்து ஆடும் பேஸ்பால். கவியரங்க மேடையில் இதற்கு என்ன வேலை என்று எண்ணுகிற அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். சுற்றி வந்தாலும் நம் வீட்டு வாசலுக்குத்தான் வந்து சேருவேன்.

அமெரிக்க மக்களின் உயிரோடு கலந்த ஆட்டம் பேஸ்பால். ஒருவர் பந்தை வீசுவார். ஒருவர் மட்டையால் அடிப்பார். அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். கிரிக்கெட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. அதன் ஒவ்வொரு நிகழ்வையும் எழுதி வைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி சாட்விக் என்னும் பத்திரிகையாளர் அதற்கு வழி வகுத்தவர்களுள் முதன்மையானவர். யார் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை முறை வெற்றியாக அடித்தார் என்பதை நாளிதழின் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கிவிடலாம் என்று அவர் காட்டினார்.

இப்படிக் கணக்கு சேரச் சேர, மனிதர் உள்ளத்தில் ஓர் ஆசையும் பிறந்தது. 1906ஆம் ஆண்டின் சிகாகோ கப்ஸ் அணி அந்தப் பருவத்தில் 116 ஆட்டங்களில் வென்றது. 1927ஆம் ஆண்டின் நியூயார்க் யாங்கீஸ் அணி 110 ஆட்டங்களில் வென்றது. அதன் பேப் ரூத் அவ்வாண்டு 60 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பினார். இடையே இருபத்தோர் ஆண்டுகள். இவ்விரண்டு அணிகளும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? காலம் அனுமதிக்காத அந்த ஆட்டத்தைக் கற்பனையில் ஆடிப் பார்த்தால் என்ன?

அந்த ஆசையிலிருந்து பிறந்தவையே அட்டை விளையாட்டுகள். 1941இல் வந்த ஒரு விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வட்டத் தகடு உண்டு. அவருடைய வாழ்நாள் கணக்குக்கு ஏற்ப அந்த வட்டம் பங்கிடப்பட்டிருக்கும். நடுவே உள்ள முள்ளைச் சுழற்றினால் அது எந்தப் பங்கில் நிற்கிறதோ அதுவே அந்த அடியின் பயன். 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் இன்னும் நுட்பமானது. மூன்று பகடைகள். முதற்பகடையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் வீசுபவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். மற்ற இரு பகடைகளின் கூட்டுத்தொகை, அட்டையில் எந்த வரியைப் படிப்பது என்று சொல்லும். இரண்டு பகடைகளை உருட்டும்போது 36 வகைகளில் ஆறு வகைகளில் 7 வரும். 2 வருவது ஒரே ஒரு வகையில்தான். ஆகவே அடிக்கடி நேர்வதை 7ஆம் வரியிலும், அரிதாக நேர்வதை 2ஆம் வரியிலும் எழுதி வைத்தால், ஓராயிரம் முறை உருட்டிய பின் அட்டையிலுள்ளவர் ஏறத்தாழ மைதானத்தில் ஆடியவராகவே ஆடுவார். பின்னர் இந்தப் பணியைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. நூறாண்டுச் சிறந்த அணிகளையெல்லாம் ஒரே தொடரில் சேர்த்து, ஒரு பருவம் முழுவதையும் நொடிப்பொழுதில் ஆடி முடிக்க அதனால் இயலும்.

இது சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். எழுத்தாளர் ஜாக் கெரோவாக் சிறு வயதிலேயே தமக்கென ஒரு கற்பனைப் பேஸ்பால் தொடரை அமைத்துக்கொண்டார். அட்டைகள் செய்தார், அணிகளுக்குப் பெயர் வைத்தார், நடவாத ஆட்டங்களுக்குப் பத்திரிகைச் செய்தி எழுதினார். வளர்ந்து புகழ் பெற்ற பின்னரும் அந்த ஆட்டத்தை அவர் கைவிடவில்லை. அத்தாள்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளன.

நம் ஊர்ப் பிள்ளைகளும் இதற்குச் சளைத்தவர்கள் அல்லர். வகுப்பறையின் கடைசி இருக்கையில் புத்தகக் கிரிக்கெட் ஆடாதவர் இந்த அவையில் எத்தனை பேர்? பாடப்புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்போம். இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கம் 2, 4, 6 என்றால் அத்தனை ஓட்டம். 8 வந்தால் எங்கள் ஊரில் ஓர் ஓட்டம். 0 வந்தால் ஆள் அவுட். நான் ஒரு பக்கம் பிராட்மன் தலைமையில் 1948இல் இங்கிலாந்து முழுவதும் சுற்றி ஓர் ஆட்டத்திலும் தோற்காத ஆஸ்திரேலிய அணி. என் நண்பன் மறுபக்கம் 1983 ஜூன் 25இல் 183 ஓட்டங்களை வைத்துக்கொண்டே மேற்கிந்தியத் தீவுகளை வென்ற கபில்தேவின் அணி. புவியியல் புத்தகத்தின் மேல் உலகக் கோப்பையையே நடத்தினோம்.

பின்னாளில் ஆசிரியனாகிய பிறகு ஒரு நாள் அந்த ஆட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஐந்து இலக்கங்களில் ஒன்று ஆட்டத்தை முடிக்கிறது. ஆகவே ஒருவர் அவுட் ஆவதற்கு முன் சராசரியாக நான்கு முறை ஓட்டம் எடுப்பார். ஒரு முறைக்கு மூன்றேகால் ஓட்டம். ஆகச் சராசரி 13. டெஸ்ட் ஆட்டங்களில் 99.94 சராசரி வைத்திருந்த பிராட்மனுக்கும் 13. பந்துவீச்சில் 242 விக்கெட் எடுத்தும், மட்டை பிடித்து 58 டெஸ்டுகளில் மொத்தம் 167 ஓட்டங்களே எடுத்த நம் சந்திரசேகருக்கும் 13. புத்தகத்துக்கு ஆளைத் தெரியாது. எல்லாரையும் சமமாக நடத்துகிறது என்று மகிழலாம். ஆனால் அதில் பிராட்மனும் இல்லை, சந்திரசேகரும் இல்லை. பெயர்கள் மட்டுமே உள்ளன. ஒருவர் உண்மையில் என்ன செய்தார் என்ற குறிப்பு இல்லாவிட்டால், கற்பனை ஆட்டத்தில் அவரை அழைத்தும் பயனில்லை.

குறிப்பு இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 1930இல் அமெரிக்காவின் தேசிய லீக்கில் ஆடிய அனைவருடைய மொத்தச் சராசரியே ஆயிரத்துக்கு 303. 1968இல் அமெரிக்க லீக்கின் முதலிடத்தை வென்ற கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி ஆயிரத்துக்கு 301. எண்ணை மட்டும் பார்த்தால், முந்தைய காலத்தின் சாதாரண ஆட்டக்காரரைவிடப் பிந்தைய காலத்தின் முதல்வர் தாழ்ந்தவர் ஆகிவிடுவார். உண்மை என்னவெனில் 1968 பந்து வீசுபவர்களின் ஆண்டு, அடிப்பதே அரிதாயிருந்தது. ஆகவே நேர்மையான ஆட்டம் அமைப்பவர் ஒருவரை முதலில் அவர் காலத்தவரோடு நிறுத்துப் பார்ப்பார்; பிறகே வேறு காலத்தவரோடு நிறுத்துவார். கம்பன் பெரியவனா பாரதி பெரியவனா என்று பட்டிமண்டபம் ஏறும் நாம், இந்த ஒரு நெறியை அந்த மேசை விளையாட்டிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பட்டிமண்டபம் என்றதும் நம் பழைய கதைகள் நினைவுக்கு வருகின்றன. காலத்தால் சேராதவர்களை ஓர் அவையில் சேர்க்கும் கலையில் தமிழர் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். 1876இல் அட்டாவதானம் வீராசாமிச் செட்டியார் எழுதி வெளிவந்த விநோதரசமஞ்சரியில் கம்பரும் ஒட்டக்கூத்தரும் புகழேந்தியும் ஔவையாரும் உலவுகிறார்கள்; போட்டியிடுகிறார்கள்; பொறாமைப்படுகிறார்கள். இவர்கள் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே அரசவையில் இருந்தார்கள் என்பதை ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. ஆயினும் அக்கதைகளைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கூத்தரையும் புகழேந்தியையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்ற மக்களின் ஆசை அவற்றில் இருக்கிறது. 1906ஐயும் 1927ஐயும் மோதவிட்ட அதே ஆசைதான். அவர்கள் பகடை உருட்டினார்கள். நாம் கதை கட்டினோம்.

அன்பர்களே, இதுவரை சொன்னது விளையாட்டு. இனிச் சொல்லப் போவது வழக்கு.

இந்தக் கற்பனைத் தொடரில் ஆட யாருக்கு அனுமதி? கணக்கு உள்ளவருக்கு மட்டும். கணக்கு யாருக்கு உண்டு? மைதானத்துக்குள் விடப்பட்டவருக்கு மட்டும். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பல பத்தாண்டுகள் பெரிய லீக் அணிகளில் சேர்க்கப்படவில்லை. 1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் களம் இறங்கிய பிறகே அந்தக் கதவு திறந்தது. அதுவரை அவர்கள் தங்களுக்கென லீக்குகள் அமைத்து ஆடினார்கள். அங்கே ஜோஷ் கிப்சன் என்று ஒருவர் இருந்தார். அவர் அடித்த அடிகளைப் பற்றிய கதைகள் நம் விக்கிரமாதித்தன் கதைகளைப் போன்றவை. ராபின்சன் களம் இறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1947 ஜனவரியில், தம் முப்பத்தைந்தாம் வயதில் அவர் இறந்தார். கதைகள் இருந்தன, அதிகாரபூர்வமான ஏட்டில் இடம் இல்லை. எனவே சிறந்த அணிகள் மோதும் கற்பனைத் தொடர்கள் பலவற்றில் அவர் இல்லை. உயிரோடு இருந்தபோது சாட்டப்பட்ட கதவு, இறந்த பின்பு மேசை விளையாட்டிலும் சாட்டியே கிடந்தது.

அதைத் திறந்தவர் யார் தெரியுமா? படைத்தலைவர்கள் அல்லர், பழைய செய்தித்தாள் புரட்டியவர்கள். கறுப்பின மக்களின் நாளிதழ்களில் வெளிவந்த ஆட்டக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கூட்டினார்கள். 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை ஆடப்பட்ட ஏழு கறுப்பின லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று மேஜர் லீக் பேஸ்பால் அறிவித்தது. 2024 மே மாதத்தில் அந்தக் கணக்குகள் பொது ஏட்டில் சேர்க்கப்பட்டன. அன்று வரை வாழ்நாள் சராசரியில் முதலிடம் ஆயிரத்துக்கு 367 எடுத்த டை காப்புக்கு. அன்று முதல் அந்த இடம் ஆயிரத்துக்கு 372 எடுத்த ஜோஷ் கிப்சனுக்கு. இறந்து எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து ஒருவர் முதலிடம் பெற்றார். அவர் புதிதாக ஒரு பந்தும் அடிக்கவில்லை. யாரோ உட்கார்ந்து எழுதினார்கள், அவ்வளவுதான்.

கடல் கடந்து போவானேன்? நம் நாட்டிலும் பல்வங்கர் பாலூ இருந்தார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்து, பூனாவில் ஆடுகளம் பராமரிக்கும் ஊழியராக இருந்து, வெள்ளையர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசி வீசியே பெரும் பந்துவீச்சாளர் ஆனவர். களத்தில் இந்து அணிக்கு அவர் கை வேண்டும். தேநீர் வேளையில் அவருக்கு வெளியே தனியாக மண்குவளை. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகள் எடுத்தார். ஆயினும் இந்து அணியின் தலைமை அவருக்கு வழங்கப்படவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்கே அது கிட்டியது. இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932இல் பாலூ ஐம்பது வயதைக் கடந்துவிட்டார். ஆகவே டெஸ்ட் கணக்கை வைத்துச் சிறந்த இந்திய அணியை எவர் அமைத்தாலும் அதில் பாலூ இருக்க மாட்டார். பகடை உருட்டுகிறவர் மீது குற்றம் இல்லை. ஆனால் குற்றம் ஏற்கெனவே அட்டையில் அச்சாகியிருக்கிறது.

இனி நம் வாசலுக்கு வருகிறேன். ஐம்பெருங்காப்பியங்களை ஐந்து அணிகள் கொண்ட ஒரு தொடராக எண்ணிப் பாருங்கள். சிலம்பும் மேகலையும் சிந்தாமணியும் முழு அணியோடு களத்தில் நிற்கின்றன. வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடல்களோடு, பாதி ஆட்களும் இல்லாமல் நிற்கின்றன. வளையாபதி ஏட்டைத் திருவாவடுதுறையில் தாம் பார்த்திருந்ததாகவும், பின்னர் தேடியபோது அது அகப்படவில்லை என்றும் உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். தோற்ற அணிக்குக்கூட வரலாறு உண்டு. வராத அணிக்கு என்ன உண்டு?

நம் மாவட்டத்துக்கே அப்படி ஓர் இழப்பு உண்டு. தருமபுரியே பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட பாடல்களே எஞ்சியுள்ளன. வென்ற சேரனைப் பற்றி அரிசில்கிழார் பாடிய பத்து, பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தாக நம் கையில் இருக்கிறது. தோற்ற அஞ்சியோ? அவன் இன்றும் நம் நெஞ்சில் நிற்கிறான் என்றால் அதற்குக் காரணம் ஔவையார். அவனுடைய கொடையையும் வீரத்தையும், இறுதியில் அவன் இறந்ததையும் அவர் பாடிவைத்தார். புறநானூறு அதைக் காத்தது. போர்க்களத்தில் தோற்ற ஒருவனைக் காலத்தின் தொடரில் ஆடவைத்தவர் ஒரு புலவர்.

நடுகற்களையும் நினைத்துப் பாருங்கள். இன்னார் ஆட்சியில், இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊரில், ஆநிரை மீட்டு இன்னான் பட்டான் என்று கல்லில் வெட்டினார்கள். சாட்விக்கின் சிறு கட்டம் வேறு என்ன? செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, தன் தலைவனுக்காகக் கள்வரைக் கடித்து நின்ற நாயின் பெயரைக்கூடக் கோவிவன் என்று குறித்து வைத்திருக்கிறது. ஒரு நாயின் பெயரைப் பதினான்கு நூற்றாண்டுகள் காத்த மண் இது.

அந்த மண்ணில் பிறந்த நான் செய்த ஒரு பிழையைச் சொல்லவே இத்தனை சுற்றி வந்தேன்.

நம் வட்டத்தின் இரண்டாம் ஆண்டில் இதே சித்தேரியில் ஓர் இரவு கூடினோம். மலைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் சாமைக் கொல்லையில் களையெடுக்கும்போது பாடுவதைப் பாடினார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது என்று நள்ளிரவு தாண்டியும் போயிற்று. "வாத்தியாரே, இன்னும் இருக்குது, தூக்கம் வருதா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பொன்னாடை போர்த்தினோம், கைதட்டினோம், மறுநாள் மலையிறங்கினோம். அப்போது நிகழ்ச்சிக் குறிப்பேடு எழுதும் பொறுப்பு என்னுடையது. இந்த மலருக்காகச் சென்ற மாதம் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். தலைமை வகித்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், வரவேற்றவர் பெயர், நன்றி கூறியவர் பெயர் எல்லாம் பட்டங்களோடு இருக்கின்றன. நடுவே ஒரு வரி: "மலைப் பாடல் நிகழ்ச்சி சிறப்பாக நடைபெற்றது."

அந்த அம்மையாரின் பெயரை நான் எழுதவில்லை. எல்லாரும் பாட்டி என்றே அழைத்தோம், நானும் கேட்கவில்லை. ஒரு பாட்டின் ஓர் அடியைக்கூடக் குறிக்கவில்லை. அவர் மறைந்து ஆண்டுகள் ஆகின்றன. மெட்டு மட்டும் சில விடியற்காலைகளில் என் காதில் வந்து நிற்கிறது, சொல் வருவதில்லை. சங்க நூல்களின் 2381 பாடல்களில் 102 பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்று வகுப்பில் ஆண்டுதோறும் வருத்தத்தோடு சொல்லிவந்தவன் நான். ஆசிரியர் பெயர் மறைந்தபோதும் தொகுத்தவர்கள் பாட்டையாவது காத்தார்கள். பாட்டில் வந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்றும் ஓரேருழவனார் என்றும் சிலரைப் போற்றினார்கள். நானோ, பெயரையும் இழந்தேன், பாட்டையும் இழந்தேன். அமெரிக்காவில் செய்தித்தாள் கட்டுகளைத் தேடியவர்களுக்குத் தேடுவதற்கு ஒரு தாளாவது இருந்தது. நாளை இந்த மலையைத் தேடி வருபவருக்கு என் குறிப்பேட்டில் இருப்பது, நன்றி கூறியவரின் பட்டம்.

ஆகவே இந்த அவைமுன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடுத்த பத்தாண்டில் நாம் எத்தனை கவியரங்கம் நடத்தினாலும் நடத்துவோம். அவற்றோடு ஒவ்வொரு மலைக் குடியிருப்புக்கும் ஒரு குறிப்பேடு வைப்போம். பாடுகிறவரிடம் முதலில் ஒப்புதல் கேட்போம். அவர் தம் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுவோம். பாட்டை அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுவோம். நம் இலக்கணத்தால் திருத்த வேண்டாம். என்று, எங்கே, என்ன வேலை செய்துகொண்டு பாடினார் என்பதையும் குறிப்போம். அந்தப் பாட்டு அவருடையது, நம் வட்டத்துடையது அன்று என்பதையும் முதற்பக்கத்திலேயே எழுதி வைப்போம். இதற்குக் கவித்துவம் தேவையில்லை. ஒரு பென்சிலும் பொறுமையும் போதும்.

எழுதி வைத்தால் எல்லாம் தங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. கிப்சன் ஆடிய ஆட்டங்கள் அனைத்துக்கும் இன்றும் குறிப்புக் கிடைக்கவில்லை. அவருடைய 372இல் அவர் மட்டை காற்றைக் கிழித்த ஓசை இல்லை. அந்த மூதாட்டியின் பாட்டை எழுதியிருந்தாலும் அந்த இரவின் குளிரும் அவர் சிரிப்பும் தாளில் வந்திரா. ஆனாலும், என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் தமிழின் பெருங்கவிஞர்களையெல்லாம் ஓர் அவையில் கற்பனையாகக் கூட்டுவார். அப்போது கம்பர் வருவார், ஔவையார் வருவார். இந்த மலையிலிருந்து யார் வருவார் என்பது நம் குறிப்பேட்டைப் பொறுத்தது.